மாமாவின் அலுமாரியில் இருந்த தலை

அன்று காலை இராணுவத்தினர் லிங்கநகரைச் சுற்றி வளைத்திருந்தார்கள். ஆண்கள் அடையாள அட்டையோடு வாசலுக்கு வரவேண்டும், ஒரு பெண் மட்டும் வீட்டுக்குள் நின்று அறைகளைத் திறந்து காட்டவேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சுற்றிவளைப்பு எங்களுக்குப் புதிதில்லை. நான் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றேன். மனைவியை ஒழுங்கை முனையில் மற்றப் பெண்களோடு இருத்தியிருந்தார்கள். மாமிதான் உள்ளே நின்றார்.

அது மாமியின் வீடு. எங்கள் பக்கங்களில் வீடு பெண்ணோடுதான் வரும், மாப்பிள்ளை அங்கே போய் இருப்பார். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். துறைமுகத்தில் கப்பல் சாமான்கள் ஏற்றி இறக்கும் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞராக வேலை கிடைத்துத் திருகோணமலைக்கு வந்து, அங்கேயே கல்யாணமும் முடித்தவன். மாமா துறைமுகக் களஞ்சியம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வுபெற்றவர். என் கல்யாணத்துக்கு அடுத்த வருடம் நெஞ்சுவலி வந்து ஒரே பகலில் போய்ச் சேர்ந்துவிட்டார். அதிகம் கதைக்காத மனிதர். பின்னேரங்களில் இறங்குதுறைப் பக்கம் போய்த் தனியே இருந்துவிட்டு வருவார். எனக்கு அவரைப் பற்றி அதற்குமேல் தெரியாது.

உள்ளே ஏதோ உடைகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு சிப்பாய் வேகமாக வெளியே வந்து அதிகாரியைக் கூப்பிட்டான். மாமாவின் அலுமாரியில் கீழ் இழுப்பறை ஒன்று எப்போதும் பூட்டியபடி இருக்கும். பென்சன் கடுதாசிகளும் பழைய சாவிகளும் என்று நினைத்து, அவர் செத்த பிறகும் மாமி அதைத் திறக்கவில்லை. அதைத்தான் நெம்பித் திறந்திருந்தார்கள். உள்ளே உடுத்தும் சாரம் ஒன்றால் சுற்றிக் கட்டிய கனமான ஒரு பொட்டலம் இருந்ததாம்.

அவர்கள் அதைத் தொடவில்லை. என்னைக் கூப்பிட்டு முற்றத்துக்கு எடுத்து வரச் சொன்னார்கள். எடுத்து வந்து வைத்ததும் எல்லோரும் மதிலோரம் ஒதுங்கிக்கொண்டார்கள். அதிகாரி அங்கிருந்தே, "அவிழ்" என்று தமிழில் சொன்னார். மாமி மட்டும் விறாந்தைப் படியில் நின்றார். போகச் சொல்லியும் போகவில்லை. முடிச்சு இறுக்கமாக இருந்தது. அதை அவிழ்க்க நெடுநேரம் எடுத்தது. உள்ளே என்ன இருக்கும் என்று எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் என்னவெல்லாம் இருக்கலாம் என்று நன்றாகத் தெரியும்.

மரத்தில் செதுக்கிய ஒரு தலை இருந்தது.

உரித்த தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிது. நிறுத்தி வைக்கக்கூடிய மாதிரிக் கழுத்தை மட்டமாக வெட்டியிருந்தார்கள். நீண்ட முகம். பாதி மூடிய கண்கள் இரண்டு கீறல்கள் போல இருந்தன. நெற்றியிலிருந்து உச்சி வரைக்கும் வழுவழுப்பு, பின்பக்கம் ஒரு கொண்டை. காதுகளில் துளை. கறுத்து மினுங்கிய அந்த முகத்தில் மூக்குக்குக் கீழே மட்டும் யாரோ கத்தியால் கண்டபடி கொத்திச் சுரண்டியிருந்தார்கள். மேலுதடு இருந்ததற்கு அடையாளமே இல்லை.

அதிகாரி கிட்ட வந்து சப்பாத்து நுனியால் அதைத் திருப்பிப் பார்த்தார். "மே கவுத?" என்றார். இது யார் என்று கேட்டார்.

"தெரியாது சேர்."

"உங்கட வீட்டில இருக்கு, உங்களுக்குத் தெரியாது."

"மாமாட அலுமாரி. அவரைத்தான் கேக்கவேணும்."

"மாமா எங்க?"

"செத்துப்போனார்."

அவர் சிரித்தார். "எல்லா வீட்டிலயும் செத்த ஆக்கள்ட சாமான்தான்."

பிறகு என் அடையாள அட்டையை வாங்கிப் பிறந்த இடத்தைப் பார்த்தார். யாழ்ப்பாணம் என்று இருந்தது. அட்டையையும் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். இது யாழ்ப்பாணத்தில் செய்ததா, உங்கள் இயக்கத்துப் பெரிய ஆள் யாருடைய முகமா, இதை வைத்து அச்சு எடுக்கவா வைத்திருக்கிறீர்கள், கோயிலில் களவெடுத்ததா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. கடைசியில் அட்டையைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அட்டை தன்னிடம் இருக்கிறது என்று ஒரு துண்டில் எழுதித் தந்தார்.

"திங்கட்கிழமை ஆமிக் காம்புக்கு வா. இதையும் கொண்டு வா. ஆர் எண்டு சொல்லிப்போட்டு அட்டையை எடு."

அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போன பிறகும் மாமி படியிலேயே நின்றார். நான் தலையைத் தூக்கித் துணியால் சுற்றப் போனபோது அந்தச் சாரத்தை என் கையிலிருந்து வாங்கி விரித்துப் பார்த்தார்.

"இது போன தீபாவளிக்கு முதல் தீபாவளிக்கு நான் வாங்கிக் குடுத்தது" என்றார். "துலைஞ்சு போச்செண்டு சொன்னவர்."

பிறகு தலையை மணந்து பார்த்தார். தேங்காய் எண்ணெய் மணம் அடித்தது. மாமா அதை எடுத்து எடுத்து எண்ணெய் பூசி வைத்திருக்கிறார், பழைய துணியை மாற்றிப் புதுத் துணி சுற்றியிருக்கிறார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. மாமியின் முகம் மாறிப்போயிற்று.

அடையாள அட்டை இல்லாமல் கந்தோருக்குப் போக ஏலாது. துறைமுக வாசலில் துண்டுக் கடுதாசி செல்லாது. ஆகவே வீட்டில் இருந்தோம், நாங்கள் மூன்று பேரும் அந்தத் தலையும். மனைவி அதைச் சாப்பாட்டு மேசையில் வைக்க விடவில்லை. சாமி அறையிலும் வைக்க விடவில்லை. கடைசியில் விறாந்தைக் கதிரை ஒன்றில் வைத்து, மேலே ஒரு துவாயைப் போட்டாள். பக்கத்து வீட்டு அக்கா வேலியால் எட்டிப் பார்த்து, "உது சூனியச் சாமான். தலையை மட்டும் ஆரும் செய்வினமே? கடலில கொண்டுபோய் எறியுங்கோ" என்றார். கடலில் எறிந்தால் திங்கட்கிழமை எதைக் கொண்டுபோவது என்று அவரிடம் நான் கேட்கவில்லை.

மாமியின் எண்ணம் வேறு. அன்று மத்தியானம் சோறு போட்டுக்கொண்டு இருக்கும்போதே சொன்னார்.

"மருமகன், உங்கட மாமா மாதத்தில ஒருக்கா மூதூருக்குப் போறவர். லோஞ்சில, குடாவைத் தாண்டி. களஞ்சிய வேலையெண்டு சொல்லித்தான்."

"ஓம் மாமி."

"பென்சன் எடுத்த பிறகும் போனவர். களஞ்சியம் இல்லாத ஆளுக்கு என்ன களஞ்சிய வேலை?"

மனைவி, "அம்மா" என்றாள்.

"நான் பொய்யே சொல்லுறன்? கொண்டை இருக்கு, காது குத்தியிருக்கு. பொம்பிளைதானே? ஆரோ அவளுக்கு ஆத்திரத்தில வாயைக் கொத்தியிருக்கினம். அல்லது அவளே மூக்குத்தியோ என்னவோ தெரியக்கூடாதெண்டு சுரண்டியிருக்கிறாள். எனக்கென்ன தெரியும்? என்னை ஒரு படம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போகாத மனிசன், ஒருத்தியைச் சிலையாச் செய்து வைச்சிருந்திருக்கிறார்."

மனைவி எழும்பிப் போய்விட்டாள். பிறகு குசினியில் வைத்து என்னிடம் ஒன்று சொன்னாள். சின்ன வயதில் ஒருநாள் அந்த இழுப்பறை திறந்து கிடந்ததாம். இவள் கையை உள்ளே விட்டிருக்கிறாள். அப்பா பின்னால் வந்து ஒரு அறை விட்டாராம். அவர் வாழ்நாளில் இவளை அடித்தது அந்த ஒரு அடிதான். "அம்மாட்டச் சொல்லாதேங்கோ" என்றாள்.

எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பின்னேரங்களில் மாமா இறங்குதுறையில் யாருக்காகக் காத்திருந்தார்? துறைமுகத்துக்குள் போய்வரும் ஒரு மனிதனின் இழுப்பறையில் ஒரு தலை என்றால், அது ஏதோ ஒரு அடையாளமாக, இயக்கத்தில் யாரோ யாருக்கோ காட்டுகிற குறியாக இருக்கலாம் அல்லவா? அந்த வருடங்களில் அப்படி நினைக்காமல் இருப்பதுதான் கடினம். நான் இருந்து பேப்பர் வாசிக்கும் கதிரை அவருடையது. அவரைப் பற்றித் தெரியாமல் அவர் வீட்டில் இருக்கிறேன் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. மாமியும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வரும்போது கொண்டுவந்த பெட்டியில் என்னென்ன இருந்தது என்று, ஏதோ பழைய கதை கேட்கிற மாதிரி விசாரித்தார்.

நகரத்தில் கடற்கரைப் பக்கமாக ஓய்வுபெற்ற சித்திர வாத்தியார் ஒருவர் இருந்தார். மனைவிக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். அவரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றாள். நாங்கள் மூன்று பேரும் போனோம். மாமி வராமல் விடமாட்டார் என்பது தெரிந்ததுதான்.

வாத்தியார் எங்களை உள்ளே விட்டதும் தெருப்பக்க யன்னலைச் சாத்தினார். சுற்றிவளைப்பில் நடந்ததைச் சொல்லிவிட்டுப் பையிலிருந்து தலையை எடுத்தேன். அவர் கையை நீட்டவில்லை.

"ஆர் உங்களை இஞ்ச அனுப்பினது?" என்றார்.

"ஒருத்தரும் இல்லை சேர், நான்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்" என்றாள் மனைவி.

"காம்பில என்ர பேர் சொன்னீங்களோ?"

"இல்லை சேர்."

அதற்குப் பிறகுதான் கண்ணாடியைப் போட்டார். முதலில் கழுத்தின் அடியைப் பார்த்தார். பிறகு தலையை மடியில் வைத்து விரலால் கன்னத்தைத் தடவினார். மரம் பூவரசு என்றார். அது எங்கள் கடற்கரையில் எங்கேயும் நிற்கிற மரம். "ஆனா செதுக்கின கை எங்கட கை இல்லை" என்றார். எங்கள் ஆட்கள் உளியால் வெட்டிப் பிறகு மினுக்குவார்கள், இது முழுக்க ஒரு சின்னக் கத்தியால் சீவிச் சீவி எடுத்தது. கண்ணும் கன்னமும் எங்கள் சிற்பங்களில் வருகிற மாதிரி இல்லை. தான் சின்னப் பெடியனாக இருந்தபோது, பெரிய யுத்தத்தில், வெள்ளைக்காரன் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த பட்டாளம் ஒன்று இங்கே துறைமுகத்தைச் சுற்றி இருந்தது, அவர்களில் சிலர் சும்மா இருக்கும் நேரங்களில் மரத்துண்டுகளைச் சீவிக்கொண்டிருப்பார்கள், மனித முகம், மிருகம் என்று செய்து கப்பல்காரருக்கு விற்பார்கள், அந்த மாதிரிக் கண்ணைத் தான் அப்போது கண்டிருப்பதாகச் சொன்னார்.

"அப்ப இது அந்த நாட்டுப் பொம்பிளையோ?" மாமி கேட்டார்.

"இருக்கலாம். தன்ர பெண்சாதியை நினைச்சும் செய்திருக்கலாம். எனக்குச் சொல்லேலாது." அவர் தலையை வெளிச்சத்துக்குத் திருப்பினார். "இஞ்ச பாருங்கோ, வாய்ப்பக்கம் வேற ஆள் வெட்டினது. கத்தியும் வேற. செதுக்கினவன் பழக்கமான ஆள், இதை வெட்டினவனுக்குக் கத்தி பிடிக்கத் தெரியாது. இதில முந்தி ஏதோ இருந்திருக்கு. தள்ளிக்கொண்டு நிண்ட ஏதோ."

என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. நாங்கள் வெளிக்கிடும்போது, தான் ஒன்றும் சொன்னதாக எங்கேயும் சொல்லவேண்டாம் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். நாங்கள் தெரு மூலைக்குப் போகும்வரை கதவிடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி சொன்னாள். "அம்மா, அந்த யுத்தம் நடக்கேக்க அப்பாவுக்குப் பத்துப் பதினொரு வயசுதான் இருக்கும்."

மாமி யோசித்தார். "அதுக்கென்ன. ஆரோ பிறகு குடுத்திருக்கலாம்."

"அப்ப நடந்தது தெரிஞ்ச ஆள் ஒராள் இருக்கிறாதானே. சாம்பல்தீவு மாமி."

மாமாவின் அக்காவைத்தான் சொன்னாள். மாமாவுக்கு அந்த ஒரு சகோதரம்தான். ஆனால் நான் அவரை ஒரே ஒரு தடவைதான் கண்டிருந்தேன், மாமாவின் செத்தவீட்டில். முற்றத்து வேப்பமரத்தடியில் நின்று பார்த்துவிட்டு, பிரேதம் எடுக்குமுன்னரே ஒருவரோடும் கதைக்காமல் போய்விட்டார். தம்பி சீதனக் காணியோடு வசதியான இடத்தில் கல்யாணம் கட்டியதும் தன்னை மறந்துவிட்டான் என்று அவருக்குக் கோபம், எல்லாவற்றுக்கும் காரணம் தம்பியின் பெண்சாதிதான் என்று அவர் நினைக்கிறார் என்று மாமி பல தடவை சொல்லியிருக்கிறார்.

"அவ உண்மை சொல்லமாட்டா" என்றார் மாமி. "தம்பியாரிட்ட ஒண்டு இருந்தா அதை மறைக்கத்தான் பாப்பா."

"அட்டை வேணுமே மாமி" என்றேன் நான்.

அடுத்த நாள் காலை பஸ்ஸில் போனோம். மனைவி வீட்டில் நின்றாள். தலையை ஒரு கறிமுருங்கைக் கட்டுக்குக் கீழே வைத்துக் கொண்டுபோகலாம் என்றேன். மாமி மறுத்துவிட்டார். "மறைச்சாத்தான் தேடுவான்" என்று சொல்லி, அந்தச் சாரத்தை மடித்து மடியில் விரித்து, அதன்மேல் தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டார். பஸ்ஸில் எங்கள் பக்கத்துச் சீற்றில் ஒருவரும் இருக்கவில்லை.

சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். என் துண்டை இரண்டு பேர் வாசித்தார்கள், பிறகு மூன்றாவது ஆளிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். அதற்கிடையில் இளம் சிப்பாய் ஒருவன் மாமியிடம் போய், "அம்மே, மே மொகத?" என்று கேட்டான். இது என்ன என்று கேட்கிறான் என்று மாமிக்கு விளங்கியது.

"சாமி" என்றார் மாமி.

அவன் கொஞ்சம் பின்வாங்கி, துவக்கை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, இரண்டு கையையும் கூப்பினான். மாமி முகத்தில் ஒரு அசைவும் இல்லை. திரும்ப பஸ்ஸில் ஏறி இருந்த பிறகு, "பாவம்" என்று மட்டும் சொன்னார்.

மாமாவின் அக்கா வீட்டுக்குப் பின்னால் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார். மெலிந்த, நெடிய மனுஷி. எங்களைக் கண்டதும் வாளியைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"என்ன மச்சாள், வழி தவறி வந்திட்டியளோ" என்றார் அவர்.

மாமி சாரத்தை விலக்கித் தலையைக் காட்டினார்.

வாளி சரிந்து தண்ணீர் என் காலடி வரைக்கும் ஓடி வந்தது. அவர் சீலைத் தலைப்பில் கையைத் துடைத்தார். ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டே நின்றார்.

"எரிச்சுப்போட்டன் எண்டு சொன்னவன்" என்றார். "என்ர தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினவன்."

"ஆர் இவள்?" என்று கேட்டார் மாமி.

"இவளோ?" அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு கிட்ட வந்து, தலையை மாமியின் கையிலிருந்து வாங்கி, இடது கையில் வைத்துப் பிடித்தார். வலது கை ஆட்காட்டி விரலை மூக்குக்குக் கீழே, அந்தக் கொத்திச் சுரண்டிய இடத்தில், குறுக்காக வைத்தார்.

"இப்ப பாருங்கோ."

பார்த்தோம். விரல் மீசையாக நின்றது. முன்மயிர் வழித்த நெற்றி, பின்னால் குடுமி, கடுக்கன் போட்ட காது. நாங்கள் இத்தனை நாளும் பெண் என்று நினைத்த முகம், நடுவயது தாண்டாத ஒரு ஆம்பிளையின் முகமாக எங்களைப் பார்த்தது.

"இது எங்கட அப்பு, எங்களைப் பெத்த தேப்பன்" என்றார் அவர்.

மாமி மெல்லக் கிணற்றுக் கட்டில் இருந்தார். "உங்கட தம்பி பிறந்த கையோட அப்பு காய்ச்சல் வந்து செத்தவரெண்டல்லோ எனக்குச் சொன்னவர்."

"ஓம். எல்லாருக்கும் அப்பிடித்தான் சொன்னவன்."

அவர் சொன்னதை நான் இங்கே சுருக்கித்தான் எழுதுகிறேன். அவர் சொல்லும்போது நின்று நின்று, இடையில் மிளகாய்க் கன்றுகளைப் பார்த்து, சில இடங்களில் முன்னுக்குப் பின் மாறித்தான் சொன்னார்.

அவர்களுடைய அப்பு துறைமுகத்தில் வள்ளம் ஓட்டியவர். கப்பலுக்கும் கரைக்கும், குடாவுக்கு அந்தப் பக்கமும் ஆட்களை ஏற்றி இறக்குவார். யுத்தம் வந்ததும் பட்டாளக்காரரை ஏற்றினார். ஆபிரிக்கச் சிப்பாய் ஒருவன் அடிக்கடி அவருடைய வள்ளத்தில் வருவான். அவனுக்கும் இவருக்கும் பாஷை தெரியாது. அவன் வரும்போதெல்லாம் ஒரு கத்தியும் கட்டையும் கையில் இருக்கும், வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் இருந்து அப்புவின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சீவுவான். ஒருநாள் அதைக் கொடுத்துவிட்டுப் போனான். அப்பு அதை மகனிடம் கொடுத்தார். வீட்டில் எல்லோரும் சிரித்தார்களாம், மீசை மட்டும் அச்சாக அப்படியே இருந்ததாம்.

பிறகு யப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டான். ஊர் சனம் எல்லாம் ஓடியது. அப்பு பெண்சாதியையும் பிள்ளைகளையும் சனத்தோடு தம்பலகாமப் பக்கம் நடக்கவிட்டு, வள்ளத்தையும் சாமான்களையும் எடுத்துக்கொண்டு பின்னால் வாறேன் என்று சொன்னார். வரவில்லை. அவரும் வரவில்லை, வள்ளமும் வரவில்லை. பிரேதமும் கிடைக்கவில்லை.

"குண்டுதான்" என்றார் மாமாவின் அக்கா. "துறையில அண்டைக்கு எத்தினை பேர் செத்தது. நான் அப்பவும் அதைத்தான் சொன்னனான், இப்பவும் அதைத்தான் சொல்லுறன். ஆனா அடுத்த வருசம் மூதூரால வந்த ஒராள், அப்புவைக் கண்டதெண்டு சொல்லிப்போட்டான். கல்குடாப் பக்கமோ எங்கயோ, வேற ஒரு பொம்பிளையோட, பிள்ளையும் கையில. உண்மையோ பொய்யோ ஆருக்குத் தெரியும்? அம்மா அதைக் கேட்டு ஒண்டும் சொல்லயில்லை. தம்பி மீன் வெட்டுற கத்தியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குள்ள போனான். மீசையைக் கொத்தி எறிஞ்சுபோட்டு வந்தான்."

ஒரு ஆம்பிளையின் மீசையை எடுப்பது என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பத்துப் பதினொரு வயதில் மாமா அதைச் செய்திருக்கிறார்.

"வளர்ந்த பிறகும் விடயில்லை" என்றார் அக்கா. "மூதூர் வழியாப் போய்ப் போய்த் தேடுறவன். கண்டால் என்ன செய்வாய் எண்டு கேட்டன். சொல்லமாட்டான். நான் அப்பு செத்தது எண்டு சொல்ல, அவன் ஓடினது எண்டு சொல்ல, அதிலதான் எனக்கும் அவனுக்கும் கதை நிண்டது. அப்புவுக்குத் திவசம் குடுக்கவேணும் எண்டன். உயிரோட இருக்கிறவனுக்குத் திவசமோ எண்டு கேட்டான். அதுக்குப் பிறகு நான் உங்கட வாசலுக்கு வரயில்லை."

"நான் சீதனக் காணியாலதான் உங்களுக்குக் கோவமெண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்" என்றார் மாமி.

"என்ன காணி?"

"ஒண்டுமில்லை மச்சாள்."

அக்கா எங்களுக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தார். தலையை நீங்களே வைத்திருங்கள் என்று மாமி சொன்னபோது வேண்டாம் என்றார். தம்பி எரிக்காமல் வைத்திருந்தது போதும் என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் மாமி யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். மூதூர்ப் பெண் இல்லை என்று தெரிந்ததில் அவருக்கு ஆறுதல் இருக்கும் என்று நினைத்தேன். சாவடி தாண்டிய பிறகு சொன்னார்:

"பொம்பிளையா இருந்திருந்தா ரெண்டு நாள் அழுதுபோட்டு விட்டிருப்பன் மருமகன். இது வேற. முப்பது வருசத்துக்கு மேல ஒரே பாயில படுத்த மனிசன். தேப்பன் ஓடிப்போனார் எண்டு எனக்குச் சொன்னா நான் என்ன சிரிச்சிருப்பனே? என்னை ஆரெண்டு நினைச்சவர்?"

இறங்குதுறையில் மாமா யாருக்காகக் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதை அப்போது சொல்லவில்லை. அவரைப் பற்றி நான் வேறு என்ன நினைத்திருந்தேன் என்பதையும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை தலையைப் பையில் வைத்துக்கொண்டு காம்புக்குப் போனேன். போகும் வழியெல்லாம் சிங்களத்தில் ஒரு வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு போனேன்: இது என் மனைவியின் தகப்பனுடைய தகப்பன், வள்ளக்காரர், பெரிய யுத்தத்தில் காணாமல் போனவர். யார் செய்தது என்று கேட்டால் ஆபிரிக்கச் சிப்பாய் என்று சொல்லவேண்டும். அதை நம்புவார்களா என்று யோசிக்க யோசிக்க எனக்கே அது பொய் போலப் பட்டது. சாட்சி யார் என்று கேட்டால் காட்ட ஒரு விரல்தான் இருந்தது. காவலில் நின்றவர்கள் பையைக் கிளறி, தலையைத் தூக்கிப் பார்த்து, தங்களுக்குள் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே விட்டார்கள். வெயிலில் ஒரு வாங்கில் இருத்தினார்கள்.

கடைசியில் கூப்பிட்டபோது மேசைக்குப் பின்னால் வேறு ஒரு அதிகாரி இருந்தார். முந்தியவர் மாற்றலாகிப் போய்விட்டாராம். துண்டை வாசித்தார். இழுப்பறைக்குள் இருந்த அட்டைகளைக் கிளறி என்னுடையதை எடுத்தார். பிறந்த இடத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், திரும்ப அட்டையில் இருந்த படத்தைப் பார்த்தார்.

"யாழ்ப்பாணம். இங்க என்ன வேலை?"

கந்தோர் பெயரைச் சொன்னேன். அட்டையை மேசையில் தள்ளிவிட்டார்.

"சேர், இதையும் கொண்டுவரச் சொன்னவை" என்று பையைத் தூக்கினேன்.

"என்ன அது?"

"தலை. மரத்தில செய்தது."

"எனக்கு ஏன்?" என்றார். அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார். பாடமாக்கிய வசனத்தைச் சொல்லத் தேவையே வரவில்லை. வீட்டுக்கு வந்து அட்டையைக் காட்டியபோது மனைவி அழுதாள். மாமி பையை வாங்கி, தலைக்கு ஒன்றும் நடக்கவில்லையா என்று முதலில் பார்த்தார்.

அந்த வருடம் மாமாவின் திவசத்துக்குச் சாம்பல்தீவிலிருந்து அக்கா வந்தார். மாமி நேரே போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தார். இரண்டு பேரும் குசினியில் ஒன்றாக நின்று சமைத்தார்கள். முதலில் உப்பைப் பற்றியும் புளியைப் பற்றியும் மட்டும்தான் கதைத்தார்கள். படையலுக்கு வாழையிலை விரிக்கும்போது அக்கா தயங்கித் தயங்கி, அப்புவுக்கும் ஒரு இலை போட்டால் என்ன என்று கேட்டார். மாமாவின் திவசத்தில் மாமா விரும்பாத காரியத்தைச் செய்யலாமா என்று மனைவிக்குப் பயம்.

மாமி கணக்குப் பார்த்தார். "குண்டில செத்தாலும் சரி, ஓடிப்போனாலும் சரி, இருந்தா இப்ப தொண்ணூறு வயசு வந்திருக்கும். எங்கயாவது செத்துத்தான் இருப்பார். போடுங்கோ" என்றார்.

இரண்டு இலை போட்டோம். மாமாவின் படம் சுவரில் இருந்தது. தலையை அதற்குக் கீழே வைப்போமா என்று கேட்டபோது மாமி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அது அலுமாரியிலேயே இருந்தது. இழுப்பறையின் பூட்டை மட்டும் திருத்தவில்லை.

பின்னேரம் இராணுவம் பாதையை மூடுமுன் அக்காவைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். மாமி கிணற்றடியில் சட்டிகளைக் கழுவிக்கொண்டு இருந்தார். நான் வாளியில் தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் சாம்பலால் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு, நிமிராமலே கேட்டார்:

"மருமகன், அந்த மனிசன் எனக்குச் சொன்னது இந்த ஒரு பொய்தானோ?"

"வேற என்ன மாமி இருக்கப்போகுது" என்றேன்.

"ஓம்" என்றார் மாமி. "அப்பிடித்தான் எல்லாரும் சொல்லுவினம்." சட்டியைத் திருப்பி அடிப்பக்கத்தைத் தேய்க்கத் தொடங்கினார்.